பெயர், நட்சத்திரம்

அத்தான் காணாமல் போன பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் தேத்தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் எப்படியும் ஒருமுறை "வினை" என்று சொல்லிவிட்டுத்தான் எழும்பினார்கள். போன பிறப்பில் செய்த வினை, முன்னோர் செய்த வினை, அனுபவித்தே தீர்க்க வேண்டிய வினை. சொன்னவர்கள் நல்லவர்கள்தான். வெறுங்கையோடு வராமல் பாணும் சீனியும் கொண்டு வந்தவர்கள். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவள். இறக்கக்கண்டியிலிருந்து கப்பல்துறை வரைக்கும் எத்தனையோ வீடுகளில் ஆள் இல்லாமல் போன காலம் அது. இத்தனை பேரும் போன பிறப்பில் ஒன்றாகக் கூடி அப்படி என்ன செய்திருப்போம் என்று ஒருநாள் வந்தவர் ஒருவரிடம் கேட்டே விட்டேன். அவர் கோபிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருக்கும் பிள்ளை, எல்லாரும் ஒரே கப்பலிலை வந்திருப்பம்" என்றார்.

அத்தான் என்று நான் சொல்வது என் அக்காவின் கணவரை. கப்பல்துறையில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை செய்தவர். கலியாணம் கட்டி இரண்டு வருடம்கூட ஆகவில்லை, பிள்ளைகளும் இல்லை. ஒருநாள் காலை வழமைபோலச் சைக்கிளில் போனார். சீனன்குடாச் சந்தியில் அவரைக் கண்டவர் இருந்தார். பட்டறைக்கு வந்ததைக் கண்டவர் யாரும் இல்லை. சைக்கிளும் கிடைக்கவில்லை. அவரைத் தேடி அக்காவும் அவருடைய தாயும் ஏறி இறங்காத இராணுவ முகாம் இல்லை. போன இடமெல்லாம் முதலில் கேட்பது பெயர். பெயரைச் சொன்னவுடனே கேட்டவரின் முகம் மாறும். பிறகு கேள்விகள் காணாமல் போனவரைப் பற்றி இருக்காது, தேடி வந்தவர்களைப் பற்றியே இருக்கும். இப்படிப் பட்டுப் பட்டு, கொஞ்சக் காலத்தில் அவருடைய பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டோம். வீட்டுக்குள்ளேயும் "அவர்" என்றுதான் கதை. வேற்று ஆள் யாரும் வந்தால் அந்த "அவர்" கூட இல்லை.

உள்துறைமுகத்துப் பக்கமாக இருந்த அந்த வீட்டில் அக்காவும் மாமியும் தனித்துப் போனதால் நானும் என் உடுப்புகளைக் கட்டிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தேன். மாமி அக்காவின் மாமியார். ஊர் வழக்கப்படி எனக்கும் மாமிதான். கட்டையான, கறுத்த, வாய் நீண்ட மனுசி. தேங்காய் துருவும்போது ஓடு தெரியத் துருவுகிறேன் என்ற குறையில் தொடங்கி, எனக்கும் அவவுக்கும் குசினியில் ஒருநாளும் சமாதானம் இருந்ததில்லை. எனக்கு அவவைப் பிடிக்காது என்றுதான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தான் சதய நட்சத்திரம், கும்பராசி. அவர் காணாமல் போன நேரம் கும்பராசிக்கு ஏழரைச் சனி தொடங்கியிருந்தது. சாதகத்தைப் பார்த்தவர், ஆளுக்கு ஆயுள் பலம் இருக்கிறது, சனி விலகும்போது ஆள் வரும், அல்லது சேதி வரும் என்று சொல்லிவிட்டார். எனக்குச் சாத்திரத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தச் சொல்லில் ஒரு ஆறுதல் இருந்தது. முடிவே தெரியாத ஒன்றுக்கு அது ஒரு முடிவு நாளைக் கொடுத்தது. துன்பம் எவ்வளவு பெரியது என்பதைவிட, இன்னும் எவ்வளவு காலம் என்று தெரியாமல் இருப்பதுதான் மனிதரைக் கொல்கிறது. மாமி சனிக்கிழமைகளில் எள்ளெண்ணெய் எரித்தார். அக்கா வெள்ளிக்கிழமைகளில் விரதமிருந்து, அம்மன் கோயிலில் அத்தானுக்கு அர்ச்சனை செய்தாள். இரண்டு பேரையும் பகிடி பண்ணிய நானும், உண்மையைச் சொன்னால், சனி எப்போது மாறும் என்று கலண்டரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அர்ச்சனை எனக்குப் பழகிய காட்சி. ஐயர் தட்டத்தை வாங்கிக்கொண்டு, "பேர், நட்சத்திரம்" என்பார். அக்கா சொல்வாள். அடுத்த கணம் அது ஐயரின் வாயில் வேறொன்றாகிவிடும். சதயம் சதபிஷா ஆகும், கும்பராசி கும்பராசௌ ஆகும், வெல்டிங் வேலை செய்த எங்கள் அத்தானின் பெயர் ஒரு சமஸ்கிருத வாலை மாட்டிக்கொண்டு, பெரிய இடத்துப் பெயராகக் கோயில் முழுக்கக் கேட்கும். அக்கா அப்போது கண்ணை மூடமாட்டாள். எல்லோரும் அம்மனைப் பார்த்துக்கொண்டு நிற்க, அவள் ஐயரின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

ஒருமுறை வரலட்சுமி விரதத்தன்று கோயிலில் சுமங்கலிகளுக்குக் காப்புக் கட்டினார்கள். அக்கா பட்டுச்சேலையும் குங்குமமுமாக வரிசையில் போய் இருந்தாள். பக்கத்தில் இருந்த பெண் சேலையைச் சற்று ஒதுக்கிக்கொண்டாள். எதிரே இருந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரும் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் மோசம். யாராவது ஏதாவது சொல்லட்டும் என்று நான் தூணுக்குப் பக்கத்தில் தயாராக நின்றேன். அக்கா கையை நீட்டினாள். ஐயர் கட்டிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அந்த மஞ்சள் நூலைப் பார்த்து மாமிதான் அழுதார். ஊரில் விதவைக்கு ஒரு முறை இருந்தது, சுமங்கலிக்கு ஒரு முறை இருந்தது. அக்காவுக்கு ஒன்றும் இல்லை. எந்தப் பந்தியில் இருந்தாலும் அவளுடைய இடம் அது இல்லை என்பதுபோலவே ஆக்கிவிட்டார்கள்.

ஏழரை வருடமும் முடிந்து சனி மாறியது. ஆளும் வரவில்லை, சேதியும் வரவில்லை. சாதகம் பார்த்தவர் வக்கிரம், சனி பின்னுக்குத் திரும்பியிருக்கிறது என்று ஏதோ சொன்னார். மாமி எழும்பி வந்துவிட்டார். அந்தச் சனிக்கிழமை எள்ளெண்ணெய் எரிக்கப் போகவில்லை. அடுத்த சனியும் போகவில்லை. பிறகு ஒரு காலையில், நான் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டு நிற்கும்போது, தான் கண்ட கனவைச் சொன்னார். மகன் படலையடியில் நிற்கிறான். உள்ளே வாவென்றால் வருகிறானில்லை. தண்ணீர் மட்டும் கேட்கிறான். பேணியில் கொண்டுபோய்க் கொடுத்தால் கை நீட்டி வாங்க அவனால் முடியவில்லை.

இந்தக் கனவுக்கு எங்கள் சனங்களிடம் ஒரே அர்த்தம்தான். செத்தவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை, ஆத்மா தாகத்தோடு அலைகிறது. மாமி அன்றைக்கே முடிவெடுத்துவிட்டார். கன்னியாவுக்குப் போய் மகனுக்கு அந்தியேட்டி செய்ய வேண்டும். முப்பத்தோராம் நாளில் செய்கிற அந்தக் கிரியையை எத்தனையோ வருடம் பிந்தியாவது செய்து, எள்ளும் தண்ணீரும் இறைத்து, அவனைக் கரையேற்றிவிட வேண்டும்.

அக்கா குசினிக்குள் மா அரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழும்பி வந்தாள். "நீங்கள் அங்கை தண்ணி வார்த்துப்போட்டு வந்தால், இங்கை என்ர தாலியை ஆர் கழட்டிறது மாமி, நீங்களோ?" என்றாள்.

"நீ உன்ர தாலிக்கு அழு. நான் என்ர பிள்ளையின்ர தாகத்துக்கு அழுறன்" என்றார் மாமி.

அதோடு இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் கதைப்பதை விட்டார்கள். ஒரே குசினி, ஒரே அடுப்பு. "மாமியைச் சாப்பிடச் சொல்லு" என்று அக்கா என்னிடம் சொல்வாள். "அவவை முதல்லை சாப்பிடச் சொல்லு" என்று மாமி என்னிடம் சொல்வார். இரண்டு பேரும் ஒருவருக்கு ஒருவர் கேட்கிற தூரத்தில்தான் இருப்பார்கள். எனக்குச் சலித்துப்போய், இரண்டு பேரும் பட்டினி கிடவுங்கோ என்று ஒருநாள் கத்திவிட்டேன். ஆனால் படுக்கையில் கிடந்து யோசிக்கும்போது யார் பக்கம் நிற்பது என்று எனக்கே பிடிபடவில்லை. ஒரே சமயம்தான், ஒரே சாமிதான். அந்தச் சமயம் மனைவியிடம் அவனுக்காக நோன்பிரு என்கிறது, தாயிடம் அவனுக்காகத் தண்ணீர் வார் என்கிறது. ஒருவருக்கு ஆறுதலானது மற்றவருக்கு அழிவாக இருந்தது. வினை என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனவர்கள் யாரும் இந்த இடத்துக்கு ஒரு வழி சொல்லவில்லை.

அந்த நாட்களில் கன்னியாவுக்கு நினைத்த நேரம் போய்விட முடியாது. சண்டையைப் பொறுத்துப் பாதை ஒரு கிழமை திறந்திருக்கும், மறு கிழமை இருக்காது. திறந்திருந்த ஒரு காலையில் மாமி பையோடு வெளிக்கிட்டார். தனியே விட மனமில்லாமல் நானும் போனேன். அக்கா அறைக்குள் இருந்து தைத்துக்கொண்டிருந்தாள். மெசின் சத்தம் நாங்கள் படலையைத் தாண்டும் வரைக்கும் நிற்கவில்லை.

கிண்ணியாக்காரரான முஸ்லிம் ஒருவருடைய ஓட்டோவில் போனோம். வழியில் சோதனைச்சாவடியில் இறக்கிப் பையைத் திறக்கச் சொன்னார்கள். எள்ளு, அரிசிமா, தர்ப்பை, ஒரு செம்பு. தர்ப்பைக் கட்டைத் தூக்கிப் பார்த்து, இது என்னவென்று சிப்பாய் கேட்டான். மாமிக்குத் தெரிந்தது இரண்டே இரண்டு சிங்களச் சொற்கள். "தானய, புத்தா" என்றார். தானய என்றால் செத்தவர்களை நினைத்துக் கொடுக்கும் தானம். புத்தா என்றால் மகன். மகனுக்குத் தானம் என்றுதான் மாமி சொன்னார். அவனோ தன்னை மகனே என்று கூப்பிட்டதாக எடுத்துக்கொண்டிருப்பான், வயதான சிங்களப் பெண்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எல்லாவற்றையும் இருந்தபடியே உள்ளே வைத்துப் பையைத் தானே கட்டிக் கொடுத்தான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அது எனக்கே பிடிக்கவில்லை.

கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்வதற்காக உண்டாக்கியவை என்று சொல்வார்கள். மகன் தாய்க்குச் செய்த இடம். அந்த இடத்துக்குத் தாய் மகனுக்குச் செய்ய வந்திருக்கிறாள். மரத்தடியில் இருந்த குருக்கள் நடுவயதுக்காரர். பாயை விரித்துத் தர்ப்பையைப் பிரித்து வைத்துவிட்டு, யார் செய்வது என்று கேட்டார். தான்தான் என்றார் மாமி. பொம்பிளையள் செய்கிற வழக்கம் இல்லையே, ஆம்பிளைப் பிள்ளை ஒருவரும் இல்லையா என்று அவர் தயங்கினார்.

"எனக்குக் கொள்ளி வைக்க இருந்தவனுக்குத்தான் ஐயா செய்ய வந்தனான்" என்றார் மாமி.

குருக்கள் மாமியை எதிரே இருத்தி, விரலில் தர்ப்பையைப் போட்டுவிட்டார். பிறகு வழமையாகக் கேட்பதைக் கேட்டார். "இறந்தவற்ர பேர், திதி?"

மாமி வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. பிறகு "சதயம்" என்றார்.

"நட்சத்திரம் இல்லை அம்மா. திதி. அவர் எந்தத் திதியிலை மோசம் போனவர்?"

"சதயம், கும்பராசி."

எங்கள் வழக்கம் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். உயிரோடு இருப்பவருக்கு நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்வோம். செத்தவருக்குத் திதி பார்த்துத் திவசம் செய்வோம். ஒருவர் செத்த அன்றே அவருடைய நட்சத்திரம் பின்னுக்குப் போய்விடும், திதிதான் அவருக்கு. மாமிக்கு இது தெரியாதா? தன் புருசனின் திதியை ஒரு வருடமும் தவறவிடாத மனுசி. அவ்வளவு பிடிவாதமாக, மருமகளோடு பகைத்துக்கொண்டு, மகன் செத்துவிட்டான் என்று முடிவுகட்டிக்கொண்டு வந்தவருடைய வாய் அவனை உயிரோடுதான் வைத்திருந்தது. திதி தெரியாதவர்களுக்கு அமாவாசையைச் சொல்லிச் செய்யலாம் என்று குருக்கள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். மாமி மாட்டேன் என்று தலையை ஆட்டினார். திரும்பவும் பெயரைக் கேட்டபோது, திரும்பவும் சதயம் என்றார். அதைச் சொல்லும்போது கண்ணீர் மூக்கு நுனியில் நின்று சொட்டியது. அவவை எனக்குப் பிடிக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

குருக்கள் மந்திரத்தைத் தொடங்கவில்லை. "நீங்கள் நட்சத்திரத்தைச் சொல்ல நான் திதி செய்ய ஏலாது அம்மா" என்றார். பிறகு, எந்தத் தர்ப்பணமும் முடிகிறபோது கடைசியாக ஒரு கை தண்ணீர் விடுவது உண்டு என்று சொன்னார். பிள்ளை குட்டி இல்லாதவர்கள், செய்ய ஆள் இல்லாதவர்கள், எங்கே விழுந்தார்கள் என்று தெரியாதவர்கள், அவர்கள் எல்லோருக்குமாக விடுவது அது. எல்லோரும் எழும்புகிற அவசரத்தில் செய்கிறதால் தானும் அதை அவசரமாகவே செய்து முடித்துவிடுவதாகச் சொன்னார். அதற்குப் பெயரும் வேண்டாம், திதியும் வேண்டாம். இன்றைக்கு அதை மட்டும் செய்வோம் என்றார்.

"அது என்ர பிள்ளைக்குப் போய்ச் சேருமோ ஐயா?"

"எனக்குத் தெரியாது அம்மா. தாகமெண்டு நிக்கிற ஆருக்கோ போகும்."

மாமி எழும்பி வந்துவிடுவாவோ என்று நான் பயந்தேன். அவர் செம்பைத் தன் பக்கம் இழுத்தார்.

ஒரு கை தண்ணீர் போதும். மாமி செம்பு முடியும்வரை இறைத்தார். நிமிராமலே செம்பை என்னிடம் நீட்டினார். நான் கிணற்றில் அள்ளிக்கொண்டு வந்தேன். அதுவும் முடிந்தது. குருக்கள் போதும் என்று சொல்லவில்லை. நான் திரும்பத் திரும்ப அள்ளி வந்தேன். ஒவ்வொரு தடவையும் சூடு கையில் வேறு மாதிரி இருந்தது, கிணற்றைப் பார்த்து அள்ளுகிற நிதானம் எனக்கும் அப்போது இருக்கவில்லை. தன் பிள்ளைக்கென்று ஒரு சொட்டும் ஒதுக்காமல், யார் யாருடைய பிள்ளைகளுக்கோ அந்தத் தாய் வார்த்துக்கொண்டிருந்தார். துன்பம் ஏன் வருகிறது என்பதற்கு அன்றைக்கும் எனக்கு விடை கிடைக்கவில்லை. ஆனால் அது கொஞ்சம் இறங்குகிற விதத்தைக் கண்ணால் கண்டேன். மாமியின் தோள் இரண்டும் தளர்ந்து கீழே இறங்கின.

திரும்பி வரும்போது, செய்து முடித்தாச்சா என்று ஓட்டோக்காரர் கேட்டார். நடந்ததை நான் சொன்னேன். யாரும் இல்லாதவர்கள் எல்லோருக்கும் வார்த்தோம் என்றேன். அப்படியென்றால் தங்களுடைய ஆட்களுக்கும் அதில் பங்கு சேர்ந்திருக்கும் என்றார் அவர். எள்ளுத் தண்ணீரை உங்களுடைய ஆட்கள் வாங்குவார்களோ என்று மாமி பின்னாலிருந்து கேட்டார். மாமியின் பழைய வாய் திரும்பி வந்துவிட்டது. ஓட்டோக்காரர் சிரித்துக்கொண்டு, தாகத்துக்கு எள்ளு என்ன செய்யப்போகிறது அம்மா என்றார்.

வீட்டுக்கு வந்தபோது மெசின் சத்தம் இல்லை. அக்கா முன்வாசலில் நின்றாள். மாமியைப் பார்க்காமல் என்னைத்தான் கேட்டாள். "பேர் சொன்னவவோ?"

"இல்லை. நட்சத்திரத்தைத்தான் சொன்னவ" என்றேன்.

அக்காவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இறங்கி வந்து மாமியின் கையிலிருந்த பையை வாங்கினாள். "வாங்கோ மாமி, சோறு ஆறுது" என்றாள். அத்தனை நாளைக்குப் பிறகு நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட இருந்தோம். பாதியில் மாமி கையை நிறுத்தினார்.

"பிள்ளை, அவன் இல்லை. எனக்குத் தெரியும். வாயிலைதான் வரேல்லை."

அக்கா கறியை எடுத்து மாமியின் சோற்றுக் கோப்பையில் வைத்தாள். "எனக்கும் தெரியும் மாமி. முதல் வருசமே தெரியும்."

எத்தனை வெள்ளிக்கிழமை விரதம், எத்தனை அர்ச்சனை. வெயிலென்றும் பாராமல், ஆமிக்காரரின் சுற்றிவளைப்பென்றும் பாராமல் அவளோடு கோயிலுக்கு நடந்தவள் நான். அப்படியென்றால் யாருடைய ஆயுளுக்கு இவ்வளவு காலமும் அர்ச்சனை செய்தாய் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "காம்ப்பிலை சொன்னால் முறைச்சுப் பாக்கிறாங்கள். றோட்டிலை சொன்னால் ஆக்கள் விலகிப் போகினம். வீட்டிலை சொன்னால் மாமி அழுவா. கோயில்லை மட்டுந்தான் அவற்ர பேரை ஒராள் மரியாதையாக் கேட்டு, எல்லாருக்கும் கேக்கச் சொல்லுறார். எனக்கு அதைக் கிழமையிலை ஒருக்காலாவது கேக்க வேணும்."

மாமி அத்தானின் பெயரைச் சொன்னார், முழுப் பெயரையும், சாப்பிடக் கூப்பிடுகிற குரலில். வெளியே வீதியில் யாரோ கதைத்துக்கொண்டு போனார்கள். நாங்கள் ஒருவரும் எழும்பிப்போய் யன்னலைச் சாத்தவில்லை.